டெங்குப் பிறபொருளெதிரியைக் கையடக்கக் கருவியில் பார்ப்பது: மேசைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் டெங்கு வடகீழ்ப் பருவமழையோடு கூடும். ஐப்பசிக் கடைசியில் தொடங்கும் மழை கூரைப் பீலியிலும் கழித்த ரயரிலும் யோகட் கோப்பையிலும் தேங்கும். கார்த்திகையிலிருந்து தை வரை கிளினிக்குகளிலும் தனியார் ஆய்வுகூடங்களிலும் காய்ச்சல்காரர் வரிசை நீளும். அந்த வரிசைக்கு முன்னால் முதல் தடவையாக உட்காரப்போகும் ஆய்வுகூட உதவியாளர், தாதியர், நடமாடும் சேவைக்குப் போகும் தொண்டர் ஆகியோருக்கானது இந்த வழிகாட்டி. தொற்றை எதிர்க்க உடல் செய்யும் ஐஜிஎம், ஐஜிஜி என்ற இரண்டு பிறபொருளெதிரிகளையும் (அன்டிபொடி) காட்டும் சிறு பிளாஸ்ரிக் கசெற்றைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறோம். அதை வாசிக்கும் ரீடர், மின்வாய்ப் பட்டியுள்ள கருவி ஆகியவற்றுக்கும் சிறிது இடம் உண்டு. உங்கள் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளும் இங்கே சொல்வதும் முரண்பட்டால் அந்தத் தாள் சொல்வதையே செய்யுங்கள்.

முதலில் நாள், பிறகு ஊசி

கையுறை போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்றைக்குக் காய்ச்சல் எத்தனையாம் நாள்? இதற்குச் சரியான பதில் இல்லாமல் கசெற்றைத் திறப்பது காசை வீணாக்குவது மட்டுமல்ல, ஆளைத் தவறாக வீட்டுக்கு அனுப்புவதிலும் முடியலாம்.

காரணம் இது. வைரசு இரத்தத்தில் ஓடும் முதல் நாட்களில் உடல் இன்னும் பிறபொருளெதிரியைச் செய்து முடித்திருக்காது. முதல் தடவை டெங்கு வந்தவரில் ஐஜிஎம் நாலாம் ஐந்தாம் நாளளவில்தான் தலைகாட்டும். ஐஜிஜி முதல் கிழமை முடிவில் மெல்ல எழும். ஆகவே இரண்டாம் நாளில் வந்தவருக்குக் கசெற் நெகற்றிவ் காட்டினால் அதில் செய்தி எதுவும் இல்லை. அந்த நாட்களுக்கு உரியது வைரசின் புரதத்தையே தேடும் என்எஸ்1 அன்டிஜன் சோதனை. அது முதல் நாளிலிருந்து ஏறத்தாழ ஐந்தாம் நாள் வரை நன்றாக வேலை செய்யும், பிறகு மங்கும். நாலாம் ஐந்தாம் நாள் இரண்டும் சந்திக்கும் இடம். அன்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே நல்லது.

இரண்டாம் தடவை டெங்கு வந்தவரின் உடல் வேறு மாதிரி நடக்கும். பழைய நினைவு இருப்பதால் ஐஜிஜி சில நாட்களிலேயே பாய்ந்து எழும். ஐஜிஎம் குறைவாக இருக்கலாம், கசெற்றில் தெரியாமலே போகலாம். எனவே நாலாம் நாளில் ஐஜிஜி கோடு மட்டும் தடிப்பாக வந்தால், "பழைய டெங்கு, பயமில்லை" என்று ஒதுக்கக் கூடாது. கடுமையான டெங்கு வரும் வாய்ப்பு இரண்டாம் தொற்றில்தான் கூட. அந்த முடிவை முதலில் வைத்தியரிடம் கொடுங்கள். மறுபக்கம், 2017இல் மட்டும் நாடு முழுவதும் 1,80,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். ஒருமுறை உண்டான ஐஜிஜி பல்லாண்டு உடலில் நிற்கும், ஆகவே ஐஜிஜி கோடு பழைய தொற்றாலும் வரலாம். சில தயாரிப்புகள் இந்தப் பழைய, குறைந்த அளவு ஐஜிஜியைக் காட்டாதபடி வரம்பை உயர்த்தி வைத்திருக்கும். சில அப்படி வைப்பதில்லை. உங்கள் கசெற் எந்த வகை என்பது தாளில் இருக்கும். வேலை தொடங்கும் முதல் நாளே அதைத் தேடிப் படியுங்கள்.

நாளைக் கேட்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். "மூண்டு நாளாக் காய்ச்சல்" என்று சொல்பவர் முதல் நாள் உடல் நோவை எண்ணியிருக்க மாட்டார். பனடோல் போட்டதால் காய்ச்சல் தெரியாமலும் இருந்திருக்கும். "வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகேக்க உடம்பு காய்ஞ்சதோ, அம்மா? அண்டைக்கு இரவு சாப்பிட்டவையளோ?" என்று ஒரு நிகழ்ச்சியைப் பிடித்துக் கேட்டால் நாள் சரியாக வரும். நாளின் எண்ணை மட்டும் எழுதாமல் தொடங்கிய திகதியையும் நேரத்தையும் எழுதுங்கள். நாளைக்கு அதே ஆள் திரும்பி வருவார்.

கசெற்றுக்குள் என்ன நடக்கிறது

உள்ளே ஒரு அட்டையில் நாலு துண்டுகள் நுனி மேல் நுனியாக ஒட்டப்பட்டிருக்கும். மாதிரி விழும் பஞ்சு, பொன் நுண்துகள் காய்ந்திருக்கும் பஞ்சு, நைற்றோசெலுலோஸ் மென்சவ்வு, கடைசியில் ஈரத்தை இழுக்கும் தடித்த பஞ்சு. பொன் துகள்களின் மேல் டெங்கு வைரசின் அன்டிஜன் பூசப்பட்டிருக்கும். அவை சிவப்பாகத் தெரிவதற்குக் காரணம் அவற்றின் அளவு, சில பத்து நனோமீற்றர். மென்சவ்வில் குறுக்காக மூன்று கண்ணுக்குத் தெரியாத கோடுகள்: மனித ஐஜிஎம்மைப் பிடிப்பது, மனித ஐஜிஜியைப் பிடிப்பது, கட்டுப்பாட்டுக் கோடு.

இரத்தத்தில் டெங்குக்கான ஐஜிஎம் இருந்தால் அது பொன்துகளையும் பிடித்துக்கொண்டு தன் கோட்டில் போய் நிற்கும், கோடு சிவக்கும். ஆனால் அந்தக் கோடு டெங்குக்கான ஐஜிஎம்மை மட்டும் பிடிப்பதில்லை. உடலிலுள்ள எல்லா ஐஜிஎம்மையும் பிடிக்கும். இரத்தத்தைக் கூடுதலாக விட்டால் வேறு ஐஜிஎம் எல்லாம் இடத்தை நிரப்பிவிடும், டெங்குக்கானது நிற்க இடமில்லாமல் கடந்துபோகும், கோடு மங்கும். புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை இதுதான். கோடு வரவில்லை என்று அடுத்த கசெற்றில் இன்னொரு துளி கூட விடுவார்கள். கோடு இன்னும் மங்கும்.

கட்டுப்பாட்டுக் கோட்டையும் அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். பல தயாரிப்புகளில் அது பொன்துகளையே நேரடியாகப் பிடிக்கிறது. இரத்தம் விடாமல் கரைசலை மட்டும் விட்டாலும் அழகாகச் சிவக்கும். கரைசல் ஓடியது, துகள் கெடவில்லை என்ற இரண்டையும்தான் அது சொல்கிறது. மாதிரி விழுந்ததா என்பதற்கு உங்கள் கண்ணே சாட்சி.

வெக்கையும் ஈரமும்

பெரும்பாலான பெட்டிகளில் 2 முதல் 30 பாகை செல்சியஸ் என்று எழுதியிருக்கும். தகரக் கூரைக்குக் கீழே பங்குனி, சித்திரையில் அந்த மேல்வரம்பு சாதாரணமாகத் தாண்டும். மாரிக்கென்று முன்கூட்டியே வாங்கிய பெட்டி அந்த வெக்கையிலேயே பாதி செத்துப் போயிருக்கலாம். அதிகூடிய, அதிகுறைந்த வெப்பநிலையைப் பதிந்து வைக்கும் வெப்பமானி ஒன்றை அலுமாரிக்குள் வைத்துக் காலையில் குறித்து வையுங்கள். மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே, வானின் முன் கண்ணாடி ஓரம் எதுவும் பெட்டிக்கான இடமல்ல. நெடுந்தீவுக்குக் கொண்டுபோவதானால் வெக்கை தாங்கும் பெட்டியில் ஐஸ் பையோடு கொண்டுபோகலாம், ஆனால் ஐஸ் பை கசெற்றைத் தொடக் கூடாது. நடுவில் துணி அல்லது மட்டை வைக்க வேண்டும். உறைந்த கசெற்றும் உறைந்த கரைசலும் கெட்டவை.

பிரிஜ்ஜிலிருந்து எடுத்த பொதியை உடனே கிழித்தால் குளிர்ந்த மென்சவ்வில் காற்றின் ஈரம் படியும். பொன்துகள் அங்கேயே கரையத் தொடங்கி, கோடு வருமுன் பின்புலம் முழுக்கச் சிவப்பாகும். பொதியை மூடியபடியே அரை மணித்தியாலம் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். கிழித்ததும் உள்ளே இருக்கும் ஈரமுறிஞ்சிப் பையைப் பாருங்கள். நிறம் மாறியிருந்தாலோ பொதியில் ஓட்டை இருந்தாலோ எறியுங்கள். நல்லதானால் பத்து நிமிடத்துக்குள் பாவியுங்கள். வரிசை நீளம் என்று பத்துப் பொதியை முன்கூட்டியே கிழித்து அடுக்கி வைப்பதை மாரிக்காலத்தில் எந்த மேசையிலும் அனுமதிக்கக் கூடாது.

இரத்தம்

விரலில் எடுப்பதானால் மோதிர விரல் அல்லது நடுவிரல், நுனியின் பக்கவாட்டு. 70 வீத அல்ககோலால் துடைத்து, காயும் வரை அரை நிமிடம் பொறுங்கள். காயாத அல்ககோல் செங்குருதிக் கலங்களை உடைக்கும், மென்சவ்வு ரோசா நிறமாகி மங்கல் கோடு மறையும். லான்செட்டால் குத்தி முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாம் துளியை எடுங்கள். விரலைப் பிழியக் கூடாது. பிழிந்தால் இழையத் திரவம் கலந்து மாதிரி ஐதாகும். கை குளிர்ந்திருந்தால் முதலில் கீழே தொங்கவிட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள்.

நாளத்தில் எடுப்பதே மேல் என்பது எங்கள் கருத்து. காய்ச்சல்காரருக்கு எப்படியும் எஃப்பிசி (இரத்தக் கலங்களை எண்ணும் சோதனை) தேவை. ஊதா மூடி ரியூப்பில் எடுத்த ஒரே இரத்தத்தில் இரண்டையும் செய்யலாம். எடுத்தவுடன் ரியூப்பை எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகப் புரட்டுங்கள், குலுக்க வேண்டாம். பிளாஸ்மா பிரித்துச் செய்தால் வாசிப்பு இன்னும் தெளிவு. டெங்குவில் குருதி நீர் குழாயை விட்டுக் கசிவதால் மீதி இரத்தம் தடிக்கும். தடித்த முழு இரத்தம் மென்சவ்வில் மெதுவாக ஊறும். குத்திய இடத்தை ஐந்து நிமிடமாவது அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள், இரத்தத்தை உறையவைக்கும் சிறுதட்டு (பிளேற்லெற்) குறைந்தவருக்கு இரத்தம் எளிதில் நிற்காது.

பத்து மைக்ரோலீற்றர், நாலு துளி

சந்தையில் பரவலாக இருக்கும் ஐஜிஎம்/ஐஜிஜி கசெற்றுகள் 10 மைக்ரோலீற்றர் மாதிரியும் அதன் மேல் மூன்று நாலு துளி கரைசலும் கேட்கும். பெட்டியோடு வரும் நுண்குழாயில் கோடு வரை நிரப்பி, சிறிய துளையின் பஞ்சை மெல்லத் தொட்டு விடுங்கள். குழாயின் வெளிப்பக்கம் ஒட்டிய இரத்தத்தை முதலில் துடைக்க வேண்டும். இவ்வளவு சிறிய அளவில் அதுவே கணக்கைக் கெடுத்துவிடும். மைக்ரோபிப்பெற் இருந்தால் அதையே பாவியுங்கள்.

கரைசல் போத்தலை நேர்குத்தாகப் பிடியுங்கள். சரித்துப் பிடித்தால் துளியின் அளவு மாறும். முதல் துளியில் குமிழி இருந்தால் அதை வெளியே விட்டுவிட்டு எண்ணத் தொடங்குங்கள். கரைசல் கூடினால் பொன்துகள் அள்ளுப்பட்டு ஓடிக் கோடு மங்கும். குறைந்தால் இரத்தம் பாதியில் நின்று பின்புலம் சிவந்துபோகும். சில கசெற்றுகளில் மாதிரிக்கும் கரைசலுக்கும் வேறு வேறு துளைகள். மாறி விட்டால் அந்தக் கசெற்றைக் கழித்துப் புதிதாகத் தொடங்குங்கள், ஒட்டுப்போட முயல வேண்டாம். கசெற் மட்டமான மேசையில் இருக்க வேண்டும். மின்விசிறி நேரே அடித்தால் மென்சவ்வு ஒரு பக்கம் காய்ந்து கோடு சரியும்.

கரைசல் விட்ட நேரத்தைக் கசெற்றின் மேலேயே பேனையால் எழுதுங்கள், நோயாளியின் இலக்கத்தையும் அப்படியே. பத்துக் கசெற் ஓடும்போது நினைவை நம்ப முடியாது.

வாசித்தல்

15 தொடக்கம் 20 நிமிடத்துக்குள். முன்னே பார்த்து நெகற்றிவ் என்று எழுதக் கூடாது, மெல்லிய கோடு பின்னேதான் எழும். 20 நிமிடத்துக்குப் பிறகு பார்ப்பதும் பிழை. மென்சவ்வு காயக் காய பின்னால் போன துகள் திரும்பி வந்து சாம்பல் நிழல் போலப் படியும், அதைக் கோடு என்று எண்ணி எழுதுவார்கள். அலுவலகம் மூடும் நேரத்தில் மேசையில் கிடக்கும் பழைய கசெற்றை எடுத்துப் பார்த்து அறிக்கையைத் திருத்துவது எந்தக் காரணத்துக்கும் கூடாது.

மங்கலாக இருந்தாலும் நிறமுள்ள முழுக்கோடு பொசிற்றிவ்தான். நிறமில்லாத நிழலோ பாதிக்கோடோ வந்தால் திரும்பச் செய்யுங்கள். சந்தேகமானதை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, பேசிக்கொள்ளாமல் எழுதிய பிறகு ஒப்பிடுங்கள். கட்டுப்பாட்டுக் கோடு இல்லையென்றால் மற்றக் கோடுகள் எவ்வளவு சிவந்திருந்தாலும் அந்தச் சோதனை செல்லாது.

ரீடரும் மின்வாய்க் கருவியும்

கமராவும் எல்ஈடி விளக்கும் உள்ள சிறு ரீடர் கோட்டின் கடுமையைக் கட்டுப்பாட்டுக் கோட்டோடு ஒப்பிட்டு எண்ணாகத் தரும். மங்கல் கோட்டுச் சண்டையை அது தீர்க்கும். ஆனால் தவறாக விட்ட துளியை அது திருத்தாது, பிழையான கசெற்றுக்கும் நேர்த்தியான எண் தரும். ஒவ்வொரு காலையும் அளவுசரிபார்ப்பு அட்டையைப் போட்டுப் பாருங்கள். கசெற் செருகும் வாயில் வெயில் படாமல் வையுங்கள். கரன்ட் போகும் என்று எதிர்பார்த்துப் பற்றரியை இரவிலேயே நிரப்புங்கள்.

மின்வாய்க் கருவி சீனி பார்க்கும் மெசினின் உறவு. காபன் மையால் அச்சிட்ட பட்டியில் மூன்று மின்வாய்கள் இருக்கும். வேலை மின்வாயில் வைரசின் அன்டிஜன் ஒட்டியிருக்கும். இரத்தத்தின் பிறபொருளெதிரி அதில் பிடிக்கும், அதன் மேல் நொதி பூட்டிய இரண்டாம் பிறபொருளெதிரி பிடிக்கும், நொதியின் வேலையால் உண்டாகும் மின்னோட்டத்தைக் கருவி மைக்ரோஅம்பியரில் அளக்கும். சீனி மெசினில் இல்லாத ஒரு படி இங்கே உண்டு: கழுவுதல். ஒட்டாத நொதி கொஞ்சம் மிஞ்சினாலும் எல்லோரும் பொசிற்றிவ் ஆவார்கள். கழுவுவதற்குப் பெட்டியின் கரைசல் மட்டுமே. யாழ்ப்பாணக் கிணறுகள் சுண்ணக்கல் பாறையிலிருந்து ஊறுபவை, தண்ணீர் கடினம், பல இடங்களில் உவர். அந்த உவரிலுள்ள குளோரைட்டு வெள்ளி–வெள்ளிக் குளோரைட்டு ஒப்பீட்டு மின்வாயின் மின்னழுத்தத்தையே நகர்த்திவிடும், அளவு முழுதும் சரியும். பட்டியின் தொடுமுனையை வியர்த்த விரலால் தொடுவதும் மின்வாயின் மேல் குமிழி நிற்பதும் மற்ற இரண்டு பொதுவான பிழைகள்.

எந்தக் கருவியானாலும் புதுப்பெட்டி திறக்கும்போது, புதிய ஆள் மேசைக்கு வரும்போது, வெப்பமானி 30ஐத் தாண்டியதைக் காட்டும்போது, பொசிற்றிவ் என்று தெரிந்த மாதிரி ஒன்றையும் நெகற்றிவ் என்று தெரிந்த மாதிரி ஒன்றையும் ஓட்டிப் பாருங்கள். வாங்கும்போது தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவானதா என்று கேளுங்கள்.

பொசிற்றிவ் வந்தால்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டெங்கு உள்ளவர் நூறு பேரில் 85 பேரைப் பிடிக்கும், டெங்கு இல்லாதவர் நூறு பேரில் 5 பேரைத் தவறாகப் பொசிற்றிவ் என்னும் கசெற் ஒன்று இருப்பதாக வையுங்கள். மார்கழியில் காய்ச்சலோடு வரும் 1000 பேரில் 300 பேருக்கு டெங்கு என்றால், பொசிற்றிவ் 290. அதில் 255 உண்மை. அதே கசெற்றை ஆடி மாதத்தில், 1000 பேரில் 20 பேருக்கு மட்டும் டெங்கு உள்ளபோது பாவித்தால் பொசிற்றிவ் 66, உண்மை 17. கசெற் ஒன்றுதான், பருவம்தான் வேறு. கோடையில் வரும் பொசிற்றிவை ஆய்வுகூட எலைசாவோ பிசிஆரோ இல்லாமல் இறுதி என்று எழுதாதீர்கள்.

ஐஜிஎம் இரண்டு மூன்று மாதம் நிற்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மார்கழியில் டெங்கு வந்து மாறியவருக்கு மாசியில் வேறு காய்ச்சல் வந்தாலும் கோடு சிவக்கலாம். டெங்குவின் குடும்பத்தைச் சேர்ந்த சீக்கா, யப்பானிய மூளையழற்சி வைரசுகளின் பிறபொருளெதிரியும் இந்த அன்டிஜனில் ஒட்டும். இலங்கையில் பிள்ளைகளுக்கு யப்பானிய மூளையழற்சித் தடுப்பூசி போடப்படுகிறது, எனவே சின்னப் பிள்ளையில் கோடு வந்தால் கடைசியாக எந்தத் தடுப்பூசி எப்போது போட்டது என்று அட்டையைப் பாருங்கள். முடக்குவாதக் காரணி உள்ளவர்களிலும் போலி ஐஜிஎம் வரும்.

நெகற்றிவ் வந்தால்

"டெங்கு இல்லை" என்று வாயால் சொல்ல வேண்டாம். "இன்றைக்கு இதில் தெரியவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் கொண்டுபோன காய்ச்சல் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. உண்ணிக்காய்ச்சலும் சிக்குன்குனியாவும் இங்கே உண்டு. வயலில் இறங்கினாரா, வெள்ளத்தில் நடந்தாரா என்று கேட்டு எழுதி வைத்தியருக்குக் கொடுங்கள்.

ஆளைக் காப்பது கசெற் அல்ல, எஃப்பிசிதான். காய்ச்சலின் மூன்றாம் நாளிலாவது ஒன்று எடுத்து, பிறகு வைத்தியர் சொன்னபடி தினமும் பார்க்க வேண்டும். சிறுதட்டு 1,00,000க்குக் கீழே போனாலோ, வயிற்று நோ, தொடர் வாந்தி, இரத்தக் கசிவு, கைகால் குளிர்தல், சலம் குறைதல் இருந்தாலோ கசெற் முடிவுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், தேவையானால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு எடுங்கள். காய்ச்சல் விட்டவுடன் "சுகம்" என்று வீட்டில் படுப்பவர்களை எச்சரியுங்கள். குருதி நீர் கசியும் 24–48 மணித்தியாலம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும். அஸ்பிரின், இபுபுரோஃபன், டைக்குளோஃபெனக் வேண்டாம்.

கழிவும் அறிவித்தலும்

லான்செட், ஊசி கூர்ப்பொருள் பெட்டிக்குள், முக்கால் நிரம்பியதும் மூடுங்கள். சிந்திய இரத்தத்துக்கு 5 வீத குளோரின் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, அன்றன்றைக்குக் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். மிஞ்சிய கரைசலைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். பலவற்றில் சோடியம் ஏசைட்டு இருக்கும், செம்பு, ஈயக் குழாய்களில் அது சேர்ந்து வெடிக்கக்கூடிய உப்பாகும்.

இலங்கையில் டெங்கு சந்தேகமானாலே அறிவிக்க வேண்டிய நோய். வைத்தியர் ஹெல்த் 544 படிவத்தை நிரப்பிப் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்புவார், பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்குப் போவார். மேசையில் இருப்பவர் அதற்குச் செய்யக்கூடிய உதவி முகவரி. நுளம்பு கடித்துக் காய்ச்சல் வர 4 முதல் 10 நாள் எடுக்கும் என்பதால் வீட்டு முகவரி மட்டும் போதாது. கடந்த இரண்டு கிழமை எங்கே படுத்தார், எங்கே வேலை செய்தார், எந்தப் பள்ளிக்கூடம், எந்த ரியூசன் கொட்டில் என்று கேட்டு எழுதுங்கள். கொழும்பில் அறை எடுத்து நின்று லீவுக்கு வந்தவரானால் அந்த அறையின் முகவரியையும் படிவத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.